முகம் பார்த்துச் சொன்ன விடைகள்

1

இன்று என் மகள் சிவகாமிக்கு ஏழு வயது நிறைந்தது. காலையில் சிராங்கூன் சாலைக் காளி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். என் மனைவி பார்வதி பாயசம் வைத்து மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். குழந்தை தன்னுடையதைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். எங்கள் இருவர் கிண்ணங்களும் வைத்தபடியே இருந்தன. போன வாரம் தபாலில் வந்த ஒரு காகிதம்தான் காரணம்.

அந்தக் காகிதத்தில் கண்டிருப்பது இது: சிவகாமிக்கு வயதுக்கு ஏற்ற புத்தி வளர்ச்சி இல்லை. பிறர் முகத்தைப் பார்த்தே எதையும் செய்கிறவள். ஆகையால் அவளை எழுத்து வகுப்பில் சேர்க்க இயலாது. கைவேலை வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரிக் காகிதங்களுக்கு வாசகம் அமைத்துக் கொடுத்தவனே நான்தான். "இயலாது" என்று போட்டால் மரியாதையாக இருக்கும் என்று யோசித்துப் போட்டதும் நான்தான். பெற்றவர்கள் மனம் நோகாது என்று அப்போது நம்பினேன்.

காகிதம் வந்தது என் பெயருக்கு அல்ல, என் தகப்பனார் பெயருக்கு. இங்கே கப்பலைவிட்டு இறங்கிய அன்றே ஒரு குமாஸ்தா, என் பெயருக்கு முன்னால் இருந்த தகப்பனார் பெயரைப் பிடித்துக்கொண்டு அதுதான் என் பெயர் என்று எழுதிவிட்டான். மாற்றச் சொல்லி எத்தனையோ மனுப் போட்டேன். ஒவ்வொரு மனுவுக்கும் பதில் என் தகப்பனார் பெயருக்கே வந்தது. சர்க்கார் கணக்குப்படி, சிதம்பரத்தைத் தாண்டாமலே காலமான அந்த மனிதர் சிராங்கூன் சாலையில் குடியிருக்கிறார். வழக்கமாக இதைச் சொல்லிச் சிரிப்போம். இந்த முறை, பேத்திக்குப் புத்தி போதாது என்ற செய்தி தாத்தாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும், நான் இங்கே என்னதான் உத்தியோகம் பார்க்கிறேன் என்று கேட்கிறார்கள். இதுவரை பட்டும் படாமலும் எழுதி வந்தேன். இன்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் வாத்தியாராகத்தான் கப்பலேறினேன். சில வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போது சீமையிலிருந்து ஒரு டாக்டர் துரை வந்து சேர்ந்தார். நாடி பிடிக்கிற டாக்டர் அல்ல, மனத்தை ஆராய்கிற டாக்டர். ஒரு குழந்தையின் புத்தி எவ்வளவு, குணம் எப்படி என்பதை அரிசி பருப்பு நிறுப்பதைப் போல நிறுத்துச் சொல்லலாம் என்பது அவர் கட்சி. தமிழ்ப் பிள்ளைகளை நிறுக்கத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அவர் என்னைப் பிடித்தார். நானும் அந்தச் சாஸ்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதிலேயே தலைமயிர் நரைத்துவிட்டது.

எங்களிடம் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி உண்டு. அதில் படம் போட்ட அட்டைகள், மரக்கட்டைகள், முடிச்சுப் போட்ட கயிறு ஆகியவை இருக்கும். அட்டையில் ஒரு முகத்தைக் காட்டி, இதில் எது குறைகிறது என்று கேட்போம். இரண்டு பொருள்களின் பெயரைச் சொல்லி, இவை எதில் ஒன்றுபோல் இருக்கின்றன என்று கேட்போம். இவை புத்திக்கு. கயிற்றைக் கையில் கொடுத்து முடிச்சை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, குழந்தை சலித்துப்போகிறதா, அழுகிறதா, விடாமல் முயல்கிறதா என்று பார்ப்போம். அது குணத்துக்கு. விடைகளை எழுதித் துரையிடம் கொடுத்தால் அவர் கூட்டிக் கழித்து முடிவு சொல்வார்.

நாங்கள் குடியிருக்கும் தேக்காப் பக்கத்தில் எனக்கு 'மூளை வாத்தியார்' என்று பெயர். சோறு தின்ன மறுக்கும் பிள்ளைகளிடம், "அதோ வராரு பாரு மூளை வாத்தியார், சாப்புடலேன்னா உன் மூளையை அளந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு" என்று தாய்மார்கள் பயம் காட்டுவார்கள். கேட்கும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

பெண் குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒன்று எங்கள் சோதனையை ஏற்றுக்கொண்டது. எழுத்து வகுப்பில் இடம் கொஞ்சம், கேட்டு வருகிறவர்கள் அதிகம். எங்கள் காகிதத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்து அம்மாள் பிரித்துவிடுவார். தேறியவர்களுக்கு எழுத்தும் கணக்கும். தேறாதவர்களுக்குக் கைவேலை வகுப்பு; அங்கே தையலும் துணிக்குக் கஞ்சி போடுவதும் கற்றுத் தருவார்கள். கைவேலை வகுப்பிலிருந்து எழுத்து வகுப்புக்கு மாறிய பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏன் ஒருத்தியும் மாறவில்லை என்று போன வாரம்வரை நான் கேட்டதும் இல்லை.

3

அட்டைகளோடு வந்த கேள்விகளைத் தமிழாக்க வேண்டியிருந்தது. பெட்டியை அலுவலகத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது துரையின் உத்தரவு. ஆனால் தமிழில் எழுதியது ஒரு தமிழ்க் குழந்தைக்கு விளங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில்தான் ஒரு குழந்தை இருக்கிறதே என்று நினைத்தேன். அட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் அட்டையில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் முகம் இருந்தது. வாய் மட்டும் வரையப்படவில்லை. "இதுல என்னம்மா இல்ல?" என்று கேட்டேன்.

சிவகாமி உற்றுப் பார்த்துவிட்டு, "பொட்டு இல்லப்பா," என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சமையற்கட்டிலிருந்த பார்வதியைக் கூப்பிட்டு, சரியான விடை வாய் என்றும் உன் மகள் சொன்னது இது என்றும் விளக்கினேன். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி ஒரு கட்டிக் கல்கண்டு கொடுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. "வீடு தீப்பிடிச்சா என்ன செய்வே?" என்று கேட்டேன். "தண்ணி சுமக்கிற சீனத் தாத்தாவைக் கூப்புடுவேன், அவருகிட்டதான் ரெண்டு வாளி இருக்கு," என்றாள். பசுவும் காக்காயும் எதில் ஒன்றுபோல் என்று கேட்டதற்கு, "ரெண்டுக்கும் நாம சோறு வைப்போம்," என்றாள். இரண்டும் உயிருள்ளவை என்பது புத்தகத்து விடை. அமாவாசைதோறும் தன் தாய் காக்காய்க்கும் பசுவுக்கும் சோறு வைப்பதைப் பார்த்து வளர்ந்த குழந்தையின் விடை வேறு. எனக்கு அதுதான் இனித்தது. அதற்கும் கல்கண்டு கொடுத்தேன்.

ஊரில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் கையில் எப்போதும் ஒரு புளியமிலாறு இருக்கும். தப்பு விடைக்கு ஓர் அடி, ஏன் தப்பு என்று விழித்தால் இன்னோர் அடி. விடை தெரிந்திருந்தாலும் அந்த மிலாற்றைப் பார்த்ததும் மறந்துபோகும். எனக்கென்று ஒரு குழந்தை பிறந்தால், தப்புச் சொன்னதற்காக அதன்மேல் கை வைப்பதில்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்திருந்தேன். சபதத்தைக் காப்பாற்றினேன். ஆனால் அளவுக்கு மீறிக் காப்பாற்றிவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டுப் பக்கம் யார் வந்தாலும் சிவகாமியைக் கூப்பிட்டு நிறுத்துவேன். "மாமாவுக்குச் சொல்லும்மா, காக்காயும் பசுவும் என்ன?" அவள் சொல்வாள். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பக்கத்து மாட்டுக்கொட்டகையிலிருந்து பால் ஊற்ற வரும் மாடசாமியும் சிரிப்பார். நாளாக நாளாக அவளுடைய விடைகள் இன்னும் விசித்திரமாகிக்கொண்டே போயின. வாய் இல்லாத சீமாட்டிக்கு முதலில் பொட்டு இல்லை, பிறகு மூக்குத்தி இல்லை, கடைசியில் அவளுக்கு "மக்கான் இல்ல, அதான் அழுவுறா" என்றாகிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் சாப்பாட்டை அப்படித்தான் சொல்கின்றன. தமிழில் பாதி மலாய். ஊரிலிருந்து யாராவது வந்தால் என்ன நினைப்பார்களோ என்று அந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன்.

பார்வதி ஒரு நாள் கண்டிப்பாகச் சொன்னாள். "கொழந்த தப்பாச் சொன்னா திருத்தணும். நீங்க சிரிச்சுச் சிரிச்சுக் கல்கண்டு குடுக்குறீங்க. இது நல்லதுக்கில்ல."

"உனக்குத் தெரியாது, இது ஆராய்ச்சி," என்றேன்.

4

சிவகாமியைப் பள்ளியில் சேர்க்கும் காலம் வந்தது. பெற்றவனே தன் குழந்தையைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. ஆகையால் என் சகா அம்பலவாணர் சோதிப்பதாக ஏற்பாடாயிற்று. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையில் நெருப்பு. சோதனை நடக்கும்போது முகத்தில் ஒரு சலனமும் காட்ட மாட்டார். குழந்தை சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். துரை எங்களுக்குச் சொல்லித் தந்தது அதைத்தான். நான் அதில் அவ்வளவு தேர்ந்தவன் இல்லை.

சோதனை அன்று காலை குழந்தைக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள் பார்வதி. நான் ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் அவள் கொஞ்சம் பயந்தது போல் தெரிந்தது. "பயப்படாதே கண்ணு. அந்த மாமா நல்லவரு. வீட்டுல சொல்ற மாதிரியே சொல்லு, போதும்," என்று தைரியம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். சோதனை அறையின் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கெட்டிக்காரப் பெண் என்று எனக்குத் தெரியாதா?

காகிதம் வந்த அன்று அம்பலவாணரிடம் ஓடினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மாஸ்டர், குறை நினையாதேங்கோ. உங்கட பிள்ளை எண்டு எனக்குத் தெரியும். ஆனா பிள்ளை சொன்னதை நான் மாத்த ஏலாது."

"மாத்தச் சொல்லி வரலீங்க. என்ன சொன்னா, எப்படிச் சொன்னா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். "படத்தைக் காட்டினன். பொட்டு இல்லை எண்டு சொல்லிப்போட்டு என்ர முகத்தைப் பாத்தவ. நான் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு மூக்குத்தி எண்டா. திரும்பவும் பாத்தா. பிறகு ஏதோ மக்கான் எண்டு சொன்னா. நான் சும்மா இருக்க இருக்க, பிள்ளை இன்னும் பிழையாச் சொல்லிக்கொண்டே போச்சு. கடைசியிலை கண்ணெல்லாம் கலங்கிட்டுது. கயிறு அவிழ்க்கேக்குள்ளையும் கயித்தைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தவ. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்தது, மாஸ்டர்."

என் குழந்தை கேள்விக்கு விடை தேடவில்லை. அவள் தேடியது சிரிப்பை. வீட்டில் எந்த விடைக்கு எல்லோரும் சிரித்தார்களோ, எதற்குக் கல்கண்டு கிடைத்ததோ, அதைக் கொண்டுபோய் அந்த மனிதர் முன்னால் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. போதவில்லை போலும் என்று இன்னும் பெரிய தப்பாகத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். பிறர் முகம் பார்க்கிறவள் என்று காகிதத்தில் கண்டது பொய்யல்ல. முகம் பார்க்கக் கற்றுக் கொடுத்தவன் நான்.

செய்தி தேக்கா முழுவதும் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. மளிகைக் கடைக்காரர் என் முகத்துக்கு நேராகவே, "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தார். அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது மறுநாள் காலை பால் ஊற்ற வந்த மாடசாமி சொன்னது. அவர் மகள் வள்ளியை நான்தான் சோதித்தேன். அவள் கைவேலை வகுப்பில்தான் இருக்கிறாள்.

"மனசை விட்டுடாதீங்க வாத்தியாரே," என்றார் மாடசாமி. "எம் பொண்ணும் அங்கதானே இருக்குது. நல்லாத் தைக்குது. உங்க புள்ளைக்குத் தொணையா கைப்புடிச்சு இட்டுக்கிட்டுப் போவும். நீங்க கவலப்படாதீங்க லா."

அவர் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தேவலை. வள்ளி அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்து என்ன விடை சொன்னாள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. கண்களைத் தாழ்த்திக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் வெடுக்கென்று பதில் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். நடுவில் நிமிர்ந்து பார்த்திருந்தால் என் முகத்தில் எதைக் கண்டாளோ, யாருக்குத் தெரியும்? மாடசாமி பாலை ஊற்றிவிட்டு நகர்ந்த பிறகும் நான் செம்போடு வாசலிலேயே நின்றேன்.

5

நேற்று துரையிடம் போனேன். உத்தரவை மீறி அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோனதைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்துதான் போனேன். போகாமல் இருந்தால் சிவகாமி ஆயுளுக்கும் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பாள். பார்வதியிடம் சொன்னபோது, "வேல போனா போகுது, போங்க," என்றாள். அவள் எப்போதும் என்னைவிடத் தைரியசாலி.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அட்டைகள், கல்கண்டு, சாயங்காலச் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். துரை குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"குழந்தை முன்பே அட்டைகளைப் பார்த்திருக்கிறாள் என்கிறீர்," என்றார்.

"ஆமாம் ஐயா."

"முன்பே பார்த்த குழந்தை அதிகமாக வாங்கும். குறைவாக வாங்காது. இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் நீர்தானே?"

"ஆமாம் ஐயா. ஆனால் இவள்..."

அவர் என் தோளில் கை வைத்தார். "எத்தனையோ தகப்பன்மார் இந்த அறைக்கு வந்து, என் குழந்தை அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை, பசியாக இருந்தாள், பயந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நீர் என்ன பதில் சொல்வீர்?"

என்ன சொல்வேன் என்பது எனக்கு மனப்பாடம். பாசம் கண்ணை மறைக்கும், அளவை மறைக்காது என்று சொல்வேன். அழகான வாசகம், அதையும் நானே அமைத்தேன்.

"உம்மை நான் தண்டிக்கப் போவதில்லை," என்றார் துரை. "துக்கத்தில் எதையோ கற்பனை செய்துகொண்டு வந்திருக்கிறீர். வீட்டுக்குப் போய் ஓய்வெடும்."

வேலை போகவில்லை. உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. போகட்டும், கைவேலை வகுப்பிலிருக்கும் பெண்களையாவது மறுபடி சோதிக்கலாம், இந்த முறை சோதிக்கிறவன் குழந்தையின் முதுகுப் பக்கம் உட்காரட்டும் என்று கெஞ்சிக் கேட்டேன். அதே அட்டைகளைத் திரும்பக் காட்ட முடியாதாம். சீமையிலிருந்து வேறு பெட்டி வந்தால் பார்க்கலாம் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பெட்டி வரும்வரை தினமும் கேட்டுக்கொண்டிருப்பது என்று இருக்கிறேன். வள்ளிக்காகவும் கேட்க வேண்டும்.

6

இன்று மத்தியானம் மழை பெய்து ஓய்ந்தது. சிவகாமி விளையாட்டு முடிந்து வந்தாள். நாளைக்கு அவள் கைவேலை வகுப்புக்குப் போகவேண்டிய நாள். பார்வதி ஊசி நூல் வைத்துக்கொள்ள ஒரு சிறு பை தைத்து முடித்திருந்தாள்.

நான் சிலேட்டை எடுத்து ஒரு பெண்ணின் முகத்தை வரைந்தேன். பொட்டு வைத்தேன், மூக்குத்தியும் வைத்தேன். வாயை மட்டும் விட்டுவிட்டேன்.

"இதுல என்னம்மா இல்ல?"

அவள் சிலேட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். போன வாரத்துக்கு முன்னால் ஆயிரம் தடவை அப்படிப் பார்த்திருப்பாள், நான் கவனித்ததில்லை.

"அப்பா, நெசமானதைச் சொல்லவா, நல்லதைச் சொல்லவா?"

"நெசமானதைச் சொல்லும்மா," என்றேன்.

"வாய் இல்ல," என்றாள் உடனே, எந்தச் சுவாரசியமும் இல்லாமல். பசுவும் காக்காயும் எதில் ஒன்றுபோல் என்று கேட்டேன். ரெண்டுக்கும் உசுரு இருக்கு என்றாள். தீப்பிடித்தால் வெளியே ஓடி எல்லோரையும் எழுப்புவேன் என்றாள். நான் கேட்டதற்கெல்லாம் சரியான விடை சொன்னாள். சரியான விடை எது என்று அவள் தாயிடம் நான் விளக்கியபோதெல்லாம் குழந்தை என் மடியில்தானே உட்கார்ந்திருந்தாள்?

"இவ்வளவும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. இது சும்மா விடை. இதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க."

"அந்த மாமா கேட்டப்ப இதையே சொல்லியிருந்தா, வாசிக்கிற வகுப்புல சேத்திருப்பாங்களே கண்ணு. ஏம்மா சொல்லல?"

அவள் திருதிருவென்று விழித்தாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று என் முகத்தில் தேடினாள்.

"வீட்டுல சொல்ற மாதிரியே சொல்லுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"